சுத்தமாக இருந்த இரண்டு போல்ட்டுகள்

விவாகரத்து ஆனபோது நானும் என் கணவன் எக்கார்ட்டும் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டோம். வீட்டை விற்றோம். சோபா அவனுக்கு, சாப்பாட்டு மேசை எனக்கு. கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்தோம். அவன் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். எதையும் நடுவில் கோடு கிழித்துப் பிரிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. காரை மட்டும் பிரிக்க முடியவில்லை. எழுபத்து நான்காம் வருடத்து இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஆரஞ்சு நிறம், இஞ்சின் பின்பக்கம். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலண்டரில் ஒற்றைப்படை வாரமெல்லாம் எனக்கு, இரட்டைப்படை வாரமெல்லாம் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை அடுத்தவர் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ஐம்பத்து மூன்று வாரம் வருகிற வருடத்தில் எனக்கு அடுத்தடுத்து இரண்டு வாரம் கிடைத்துவிடும். அதை ஆட்சேபித்து அவன் எனக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதினான். நான் பதில் போடவில்லை. இரண்டு வாரமும் நானே ஓட்டினேன்.

இப்படியே பதினோரு வருடம் ஓடியது. ஒரே ஊரில், வெர்டனில், நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே காரை ஓட்டினோம். வருடத்தில் ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்வோம். மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்கு ஆல்லர் ஆற்றங்கரையில் இருக்கிற வாடகைப் பட்டறையில், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி ஒன்றை எடுத்து, வண்டியின் சி.வி. ஜாயின்ட்டுகளைப் பிரித்துக் கழுவி, புது கிரீஸ் அடைத்து மாட்டுவோம். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டுகள் அவை. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் தண்டு மடங்கிக்கொண்டே சுற்றுவது அவற்றால்தான். ஒரு ஆளால் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஒருவர் கீழே நின்று போல்ட்டைத் திருகும்போது இன்னொருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்டு கூடவே சுற்றும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காரைவிட எனக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டியிருந்தது. ஜனவரி பிறந்தாலே மனது அந்தச் சனிக்கிழமையைச் சுற்றிவர ஆரம்பித்துவிடும். இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன இலையுதிர் காலத்தில் அவன் ஒரு புது மின்சாரக் கார் வாங்கினான். வெள்ளை நிறம், சோப்புக்கட்டி மாதிரி ஒரு வண்டி. ரொட்டிக்கடை வாசலில் பார்த்தேன். சரி, இவனுக்கு ஆரஞ்சு வண்டி அலுத்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ "வித்துடலாம்" என்று சொல்லப்போகிறான் என்று தோன்றிவிட்டது. அவன் வாயால் அதைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை. அதனால் நானே முந்திக்கொண்டேன். "காரை விற்றுவிடலாமா?" என்று செய்தி அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. ஒரே ஒரு சொல். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை அந்த மனிதன். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்களைப் படாரென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் விளம்பரம் கொடுத்தேன். ஓல்டிங் என்று ஒரு பல் டாக்டர், ரோட்டன்பர்க்கிலிருந்து வந்தார். அது எக்கார்ட்டின் வாரம். ஆகவே அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவரை ஓட்டிப் பார்க்க வைத்தான். திரும்பும் இடத்திலெல்லாம் வலது பின்சக்கரத்தில் டக் டக்கென்று சத்தம் வருகிறது, அதைச் சரிசெய்துவிட்டால் வாங்கிக்கொள்கிறேன் என்று டாக்டர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கே வருவதாகவும் சொன்னார். எங்கள் சனிக்கிழமை அது. கடைசிச் சனிக்கிழமை.

காலையில் நான் போனபோது எக்கார்ட் வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கும்படி வைத்திருந்தான். அதே பச்சை ஓவரால். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"வந்துட்டியா இம்கே? பன் இருக்கு, சாப்பிடு."

பன்றிக் கொத்துக்கறி தடவி வெங்காயம் தூவிய பன். எப்போதும் அவன் வாங்கி வருவான், நான் காபி கொண்டுவருவேன்.

"அப்புறம். டாக்டர் மத்தியானம் வந்துடுவாரு. இன்னிக்கு வலது பக்கம் மட்டும் பாப்போம்" என்றேன்.

"சரி" என்றான்.

மறுபடியும் அந்தச் சரி. பல்லைக் கடித்துக்கொண்டு குழியில் இறங்கினேன்.

இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது அழுக்கு எடுப்பது. போல்ட்டின் தலையில் பற்களுள்ள ஒரு குழி இருக்கும். அதில் பல்லுள்ள திருகு சாவியைச் செருகித்தான் திருக வேண்டும். வருடம் முழுக்க ஓடியதில் அந்தக் குழிக்குள் தார், மண், கிரீஸ் எல்லாம் சேர்ந்து கல்லாக இறுகியிருக்கும். அதை முழுக்க நோண்டி எடுக்காமல் சாவியைச் செருகினால் வழுக்கி, பற்கள் மழுங்கிவிடும். பிறகு அந்த போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் நாற்பது வருடம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவள், இந்த மாதிரி நுணுக்கு வேலை எனக்குப் பிடிக்கும். கூர்மையான கொக்கியால் ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டே போனேன். எக்கார்ட் மேலிருந்து சக்கரத்தைத் திருப்பித் திருப்பி அடுத்த போல்ட்டை எனக்கு நேராகக் கொண்டுவந்தான்.

சக்கரத்துப் பக்கம் முடித்து கியர்பாக்ஸ் பக்கம் வந்தேன். அங்கே இரண்டு போல்ட்டுகளின் தலை பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு துளி மண் இல்லை. யாரோ எனக்கு முன்னால் நோண்டியிருக்கிறார்கள். சாவியை வைத்தேன். சிரமமே இல்லாமல் திரும்பியது.

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆள் எனக்கு முன்னாலேயே வந்து வேலையை ஆரம்பித்திருக்கிறான். என்னோடு இருக்கிற நேரத்தைக் குறைத்துக்கொள்ள. சீக்கிரம் முடித்து, சீக்கிரம் விற்று, சீக்கிரம் அந்தச் சோப்புக்கட்டியில் ஏறிப்போக. கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, குழிக்குள் நிற்பவள் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்.

"என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்" என்றான் மேலிருந்து.

"ஒண்ணும் ஆகல. பிரேக்க மிதி. பேச்ச குறை."

"நான் எங்க பேசினேன்?"

"அதத்தான் சொல்றேன்."

மற்ற போல்ட்டுகள் எப்போதும் போல முரண்டு பிடித்துத்தான் வந்தன. தண்டை இறக்கி மேசைக்குக் கொண்டுபோனோம். ரப்பர் உறையை விலக்கி, வளையத்தைக் கழற்றி, ஜாயின்ட்டைத் தட்டி எடுத்தான் எக்கார்ட். உள்ளே இருக்கும் நட்சத்திரத் துண்டைச் சாய்த்து, எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கினான். நான் வாங்கி முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தேன். எந்தக் குண்டு எந்தப் பள்ளத்தில் ஓடியதோ அதிலேயே திரும்பப் போக வேண்டும். அதற்காகக் குழிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு வைத்திருக்கிறான். இந்த விஷயத்தில் மட்டும் அவனுடைய கோடு கிழிக்கும் புத்தி உபயோகப்படும்.

பழைய கிரீஸைத் துடைக்கும்போது பட்டறைக்காரன் ஹின்னெர்க் வந்து எட்டிப் பார்த்தான். போன கோடையில்தான் பட்டறையை மாமாவிடமிருந்து எடுத்தவன். எங்களை முதல் தடவையாகப் பார்க்கிறான். கிரீஸை விரலில் தொட்டுத் தேய்த்தான். ஜாயின்ட்டின் வெளிவளையத்தை எடுத்து, பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது புதுசாட்டம் இருக்கே. கிரீஸ்கூட கெடல. கடைசியா எப்ப பிரிச்சீங்க?"

"போன வருஷம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின வருஷம்" என்றான் எக்கார்ட்.

ஹின்னெர்க் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வருஷா வருஷமா? ரேஸுக்கா போறீங்க? ரப்பர் கிழியாம இருந்தா வருஷக்கணக்கா இதத் தொட வேண்டாமே. எந்த மகராசன் உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தான்?"

"புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன்.

"புத்தகத்துல போட்டிருக்கு" என்றான் எக்கார்ட், அதே மூச்சில்.

புத்தகத்தில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. பராமரிப்புப் பகுதியை நான் மனப்பாடமாகப் படித்திருக்கிறேன். ரப்பரைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான் இருக்கிறது. இது எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அவனுக்குத் தெரியாது, எடுத்துப் படித்திருக்க மாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அவன் சாதித்த வேகத்தைப் பார்த்தால் அவனும் படித்திருக்கிறான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஒரு குண்டைத் துணியில் உருட்டி உருட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"அப்ப சத்தம் எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்றான் ஹின்னெர்க்.

"ரெண்டு போல்ட் லூசா இருந்துச்சு" என்றேன்.

"அது தானா லூசாகாதே அக்கா. அடியில பல்லு வச்ச வாஷர் போட்டிருக்கு பாருங்க. ஒண்ணு ஆறு போல்ட்டும் லூசாகணும், இல்ல ஒண்ணுமே ஆகக் கூடாது. ரெண்டு மட்டும்னா யாராவது சாவி போட்டுத் திருகியிருக்கணும்." சொல்லிக்கொண்டே அவன் எக்கார்ட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சரி, நான் போய் ஆஃபீஸ்ல ஹீட்டர் போடணும்" என்று நழுவிவிட்டான்.

நான் துணியை எடுத்து வெளிவளையத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். வேலையை ஆரம்பிக்கிறவன் இரண்டு போல்ட்டைத் தளர்த்திவிட்டுச் சும்மா போக மாட்டான். முழுக்கக் கழற்றுவான். சத்தம் வரட்டும் என்று நினைக்கிறவன்தான் இரண்டை மட்டும் தளர்த்துவான். போயும் போயும் இதை அவன் எதற்குச் செய்தான்?

கோத்து மாட்ட ஆரம்பித்தோம். வெளிவளையத்தின் அகலப் பக்கம் உள்துண்டின் குறுகலான பக்கத்தோடு சேர வேண்டும். தப்பாகச் சேர்த்தால் குண்டுகள் இறங்கும், ஆனால் ஜாயின்ட் மடங்காமல் இறுகிவிடும். இத்தனை வருடத்தில் எக்கார்ட் ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. இன்றைக்கு இறுகிவிட்டது.

"திருப்பிப் போட்டிருக்கே" என்றேன்.

"இல்லையே."

"மடக்கிப் பாரு."

மடக்கிப் பார்த்தான். அசையவில்லை. "ம்ம்" என்று மறுபடி குண்டுகளைப் பிதுக்க ஆரம்பித்தான். நான் ஜாயின்ட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கோத்தேன். கறுப்பு கிரீஸைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி, மறுபக்கம் குண்டுகளின் இடுக்கு வழியாக வெளியே வரும்வரை அடைத்தோம். ஒரே ஜாயின்ட்டில் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இரண்டு பேர் கையும் முழங்கை வரை கறுப்பு.

தண்டைத் தூக்கி மாட்டியபின் நான் குழியில் இறங்கினேன். அவன் மேலே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிக்கொண்டே வந்து, அந்த இரண்டில் ஒன்றுக்கு வந்ததும் ரெஞ்சைப் பிடித்தபடி கேட்டேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

"எக்கார்ட், இத நீயா கழட்டினே?"

மேலே இருக்கை கிரீச்சிட்டது.

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? நீயா?"

"கால்வாசி திருகுதான் தளர்த்தினேன். நானும் கூடத்தான் உக்காந்திருந்தேன். ஊருக்குள்ளயே மெதுவா ஒரு சுத்து. ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஏன்?"

"அந்த ஆளு கியர் போடுற லட்சணமே எனக்குப் பிடிக்கல."

"அவரு ஓட்டுறதுக்கு முன்னாடியே கழட்டியிருக்கே. அவரு எப்படி கியர் போடுவாருன்னு உனக்குக் கனவா வந்துச்சு?"

கையிலிருந்த ரெஞ்ச் சடாரென்று கீழே இறங்கியது. தண்டு சுற்றியது. அவன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டான்.

"பிரேக்க மிதி" என்றேன்.

மிதித்தான். மேலிருந்து குரல் வந்தது. "விக்கணும்னு நீதான சொன்னே."

"நீ சரின்னு சொன்னியே."

"வேற என்ன சொல்றது? உனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"நீதான் புதுக் கார் வாங்கினவன்."

"முதுகு வலி, இம்கே. குளிர்காலத்துல இதுக்குள்ள இறங்கினா வெளிய வர முடியல. ரொட்டி வாங்கப் போறதுக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவன் தலையில் ரெஞ்சால் ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது. அதற்குள் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பல் டாக்டர்.

போல்ட்டுகளை முடுக்கி முடித்து, வண்டியை இறக்கி வெளியே கொண்டுவந்தோம். டாக்டர் ஓல்டிங் நல்ல மனிதர். தோல் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஆசையாக வந்திருந்தார். ஆற்றங்கரைச் சாலையில் தனியாகவே ஒரு சுற்றுப் போனார். நாங்கள் வாசலில் நின்றோம். எக்கார்ட் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் பாக்கி இல்லாதபோதும். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவனும் நான் சொல்வேன் என்று காத்திருந்திருப்பான்.

டாக்டர் இறங்கினார். முகமெல்லாம் பூரிப்பு.

"சத்தம் சுத்தமா போயிடுச்சுங்க. வெண்ணெய் மாதிரி ஓடுது. திங்கக்கிழமையே பேர் மாத்திக்கலாம்."

எக்கார்ட் என்னைப் பார்த்தான். மறுபடியும் அந்தச் சரியைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க டாக்டர். இத விக்கலை."

"என்ன மேடம் சொல்றீங்க? இன்னும் ஏதாவது கோளாறு இருக்கா?"

"கோளாறு எதுவும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. வருஷத்துக்கு ஒரு நாள் நானும் இந்த ஆளும் இங்க வந்து, நல்லா இருக்கிற ஜாயின்ட்டப் பிரிச்சு, நல்லா இருக்கிற கிரீஸத் துடைச்சுப் போட்டு, திரும்ப மாட்டுறோம். அதுக்காகத்தான் இந்தக் காரை வச்சிருக்கேன். இது போயிடுச்சுன்னா இவனப் பாக்க எனக்கு வேற வழி இல்ல."

எக்கார்ட்டைப் பார்க்கிற தைரியம் இல்லை. பதினோரு வருடம் அவனிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரிடம் நடுத்தெருவில் கொட்டிவிட்டேன்.

டாக்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். "அதுக்கு எதுக்குங்க கார்? அவருக்கு ஒரு ஃபோன் பண்ணினா போதாதா?"

"டாக்டர்" என்றான் எக்கார்ட். "உங்களுக்கு விவாகரத்து ஆயிருக்கா?"

"இல்லையே."

"அப்ப உங்களுக்குப் புரியாது."

டாக்டர் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, ஏதோ முணுமுணுத்தபடி கிளம்பிப் போனார். பாவம், அவருக்கு அந்தக் கோபம் நியாயம்தான். இரண்டு தடவை ரோட்டன்பர்க்கிலிருந்து வந்து போயிருக்கிறார்.

நாங்கள் இருவரும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்றோம். புதிதாக மாட்டிய போல்ட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை முடுக்க வேண்டும். எப்போதும் யாருடைய வாரமோ அவர் தனியாக ஓட்டிவிட்டு வந்து முடுக்குவார். எக்கார்ட் அந்தப் பக்கம் சுற்றி வந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகியபடி ஓட்டுநர் இருக்கையில் இறங்கினான்.

பாலம் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் திரும்பினோம். முதல் வளைவில் இருவரும் காது கொடுத்துக் கேட்டோம். சத்தம் இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. இஞ்சின் மட்டும் பின்னால் முதுகுக்கு இதமாக உறுமிக்கொண்டிருந்தது. வெகு தூரம் அப்படியே போனோம்.

"இடது பக்கம் ஏதோ சத்தம் கேக்குற மாதிரி இல்ல?" என்றான் எக்கார்ட், சாலையைப் பார்த்தபடியே.

நான் தலையைச் சாய்த்துக் கேட்டேன். எந்தச் சத்தமும் இல்லை.

"ஆமா, கேக்குது" என்றேன்.

"பிரிச்சுத்தான் பாக்கணும்."

"பாக்கணும்."

"அடுத்த சனிக்கிழமை?"

"அடுத்த சனிக்கிழமை" என்றேன்.